வயிற்றுப்புண் என்று சொன்னோமே

அத்தைக்கு மருமகள் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

நான் தரை துடைக்கிற ஆஸ்பத்திரி வார்டில் நேற்று டாக்டர் ஒரு நோயாளியிடம், "இனிமே மருந்து கேக்காதுங்க, சில வாரம்தான்" என்று நேரிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட திகைப்பில் நான் வாளியைக் கவிழ்த்துத் திட்டு வாங்கினேன், சிரிக்காதீர்கள். அந்த மனுஷன் அழுதார். பிறகு, பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குப் போன் போட்டு, "டேய், சண்டையெல்லாம் போதும், கிளம்பி வாடா" என்றார்.

உங்கள் மகனுக்கு வந்த புற்றுநோயை வயிற்றுப்புண் என்று சொல்லி அவரிடமே கடைசிவரை மறைத்தோம். அன்றைக்கு எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். இன்றைக்குத் தப்பாகத் தெரிகிறது. அப்படியென்றால் அன்றைக்கும் தப்புதானே அத்தை? அவரும் யாரிடமாவது பேச நினைத்திருப்பாரே.

இங்கே குளிர் அதிகம், அவர் சட்டை ஒன்று அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா? நான் அழுவேன் என்று மறைக்காமல் எழுதுங்கள்.