மூடியைத் திறந்துவிட்டுப் பற்றவை

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் முதல் வரியை எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் இவள் பேனாவை நிறுத்திவிட்டு என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, வேறு தாளில் ஒழுங்காக எழுது என்று சொல்லிவிட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார். இதை எழுதும் சின்னவளும் நன்றாக இருக்கிறாள். எனக்கு வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதத்தில் என் எழுத்து இல்லை. உடனே பதறிப்போய் டிக்கெட் எடுக்காதே. விரல் ஐந்தும் இருக்கின்றன, ஐந்தும் மடங்குகின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயும் மருமகளும் என் பேத்தி பட்டாணிக் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தக் கவலைதான் இப்போது என்னை உட்கார விடாமல் செய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படம் வந்தது. புதிதாக கேஸ் கிரில் அடுப்பு வாங்கியிருக்கிறாய், பட்டாணியின் முதல் பிறந்தநாளுக்கு ஆபீஸ் ஆட்கள் இருபது பேரைக் கூப்பிட்டு நீயே கோழியும் சோளமும் சுட்டுப் போடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஒரு டீ போட்டுக் குடிக்கத் தெரியாது, இருபது பேருக்குச் சமைக்கப் போறானாம் துரை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னவளின் போனில் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ அடுப்புக்கு முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இடுக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், அது இருக்கட்டும். அடுப்பு பால்கனியில் இருக்கிறது. இரண்டு பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, தலைக்கு மேல் வெயிலுக்குக் கட்டிய கோடு போட்ட துணி. ரப்பர் டியூப் அடுப்பின் சக்கரத்துக்கு அடியில் மாட்டி நசுங்கிக் கிடக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே, செருப்பு அலமாரி பக்கத்தில், இன்னொரு சிலிண்டர் படுத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி பட்டாணியின் மூன்று சக்கர வண்டி. இதெல்லாம் உன் கண்ணில் படவில்லையா, படம் எடுத்த மருமகள் கண்ணிலும் படவில்லையா?

அன்றைக்கே போன் போட்டேன். "அம்மா, இது பட்டனைத் தட்டினா தானா எரியும்மா, சும்மா டென்ஷன் ஆகாத" என்றாய். நான் ஒரு பேச்சு சொல்லி முடிப்பதற்குள் நீ நாலு தடவை சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்திடம் அப்படிச் சொல்லி வைக்க முடியாது, அதனால் எழுதச் சொல்கிறேன். விருந்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று மருமகள் சொன்னாள், கடிதம் வந்து சேர பத்து நாள் போதும். இதை முழுசும் படித்து முடிக்கும்வரை அந்த அடுப்பைத் தொடாதே. பட்டனைத் தட்டினால் தானாக எரியும் அடுப்புதான் என் கையைச் சுட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன், நீ அங்கே தனியாக உட்கார்ந்து கலங்குவாய் என்று விட்டேன். இப்போது கலங்கினாலும் பரவாயில்லை, கேள்.

நானும் சின்னவளும் வேலை செய்யும் ஓட்டலின் பின்பக்கத் திறந்தவெளியில் மூன்று வருடமாக நான் அந்த கேஸ் கிரில்லின் முன்னால்தான் நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் கோழித் துண்டு புரட்டியிருப்பேன். போன மாதம் ஒரு சாயங்காலம் பன்னிரண்டு பேர் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். அவசரத்தில் நான் மூடியைத் தூக்க மறந்து, கேஸ் விடும் திருகைத் திறந்து, பட்டனை அமுக்கிவிட்டேன். உள்ளே தேங்கியிருந்த கேஸ் ஒரே பிடியாகப் பற்றி மூடியை எறிந்துவிட்டது. முதலாளியம்மா கல்லாவை விட்டு ஓடி வந்தார், மாஸ்டர் என் கையை இழுத்துக் குழாயடியில் இருபது நிமிடம் தண்ணீரில் பிடித்திருந்தார். என் தப்புதான், வேறு யார் மேலும் இல்லை. மூன்று வருடம் பழகின கைக்கே இந்த கதி என்றால், படத்துக்கு நிற்கத் தெரிந்த உன் கைக்கு என்ன ஆகும் என்று யோசி.

அதனால் சொல்வதைச் செய். பால்கனியில் வேண்டவே வேண்டாம். உங்கள் கட்டடத்துக்குக் கீழே புல்தரை இருக்கிறது என்று மருமகள் சொல்லியிருக்கிறாள், அனுமதி கேட்டு அங்கே கொண்டு போ. சுவர், மரம், துணி எதுவாக இருந்தாலும் பத்தடிக்குக் குறையாமல் தள்ளி, ஆடாத சமதரையில் வை. சிலிண்டர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. வீட்டுக்குள் இருப்பதை இன்றைக்கே வெளியே எடுத்துவிடு, இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி. நசுங்கின டியூபை மாற்று. மாட்டின பிறகு, அடுப்பின் திருகெல்லாம் மூடியிருக்கும்போது சிலிண்டரை மெல்லத் திறந்து, சோப்புத் தண்ணீரை டியூபிலும் இணைப்பிலும் தடவிப் பார். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம், உடனே மூடிவிடு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வீரம் எல்லாம் வேண்டாம். அப்புறம் அடியில் எண்ணெய் வடிகிற தட்டு ஒன்று இருக்கும், அதை ஒவ்வொரு தடவையும் கழுவு. கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கிட்டப் போக முடிந்தால் கேஸை மூடிவிட்டு மூடியைச் சாத்து, முடியாவிட்டால் எல்லாரையும் தள்ளி நிறுத்தித் தீயணைப்புக்குப் போன் பண்ணு. தொளதொள சட்டை போட்டுக்கொண்டு நிற்காதே. யாராவது கூப்பிட்டார்கள் என்று எரிகிற அடுப்பை விட்டுவிட்டுப் போகாதே. பட்டாணி இப்போது எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயது, மறந்துவிடாதே. அடுப்பு ஆறும்வரை அவள் யாராவது ஒருத்தர் இடுப்பில் இருக்கட்டும், அந்த ஒருத்தர் யார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. அப்பாவின் பள்ளிக்கூட வேனுக்குப் புது ஹாரன் போட்டிருக்கிறார்கள், அது வாத்து மாதிரி கத்துகிறது என்று பிள்ளைகள் அவருக்கு வாத்து மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எனக்கு இடது கையால் சோறு பிசையப் பழகிவிட்டது. சின்னவள்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் பசியில்லை என்கிறாள், இதை எழுத மாட்டேன் என்று அடம் பிடித்தாள், எழுதடி என்று எழுத வைத்தேன். மாத்திரை போட்டால் கண்ணைச் சொருகுகிறது. நான் கொஞ்சம் படுக்கிறேன், எதையாவது விட்டிருந்தால் இவள் எழுதிச் சேர்ப்பாள்.

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா உள்ளே படுத்துவிட்டாள், அப்பா வேனுக்குப் போய்விட்டார். அம்மா சொன்னபடிதான் இதுவரை எழுதினேன், ஆனால் ஒரு விஷயம் மட்டும் அம்மா சொன்னபடி நடக்கவில்லை. அதை அப்படியே விட்டால் நீயும் அதே தப்பைச் செய்வாய் என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அம்மா அன்றைக்குத் திருகைத் திறக்கவே இல்லை. திறந்தது நான். எங்கள் கிரில்லின் பட்டன் மழைக்குப் பிறகு சரியாகப் பொறி தட்டாது. அதனால் எல்லாம் மூடியிருக்கும்போதே வெறுமனே ஒரு தடவை அமுக்கி, டிக் என்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பது அம்மாவின் பழக்கம். அப்புறம்தான் மூடியைத் தூக்குவாள், அப்புறம் நான் சிலிண்டரைத் திறப்பேன், கடைசியாக அம்மாவே திருகைத் திருப்பிப் பற்றவைப்பாள். தூசி விழுகிறது, பூனை ஏறுகிறது என்று முதலாளியம்மா மூடியைச் சாத்தியே வைக்கச் சொல்வார். அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். அம்மா உள்ளே கோழித் தட்டை எடுக்கப் போயிருந்தாள். வேலை மிச்சமாகட்டும் என்று நானே சிலிண்டரையும் திறந்து இரண்டு திருகையும் திறந்துவிட்டேன். மூடியைத் தூக்கப் போகும்போது தண்ணீர் எங்கே என்று ஒருவர் கத்தினார். ஜக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல வெறுமனே அமுக்கிப் பார்க்கப் பட்டனில் விரலை வைத்திருந்தாள்.

நான் சொன்னேன் அண்ணா. அம்மா, கேஸ் திறந்திருக்கு என்று சொன்னேன். ஆனால் பன்னிரண்டு பேர் முன்னால் எனக்குக் குரல் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த மேசைக்கே கேட்டிருக்காது. கத்தியிருந்தால் அம்மா கையை எடுத்திருப்பாள். அதற்குப் பிறகு முதலாளியம்மா யார் திறந்தது என்று கேட்டபோது, நான்தான் என்று அம்மா சொன்னாள். அதிர்ச்சியில் அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் திறக்கவில்லை. அண்ணிக்கு உன் மேல் பாசம், நானும் உதவுகிறேன் என்று வந்து எதையாவது திருப்பி வைப்பாள். விட வேண்டாம் அண்ணா. சிலிண்டரிலிருந்து பற்றவைப்பது வரை ஒரே ஆள் கையில் இருக்கட்டும். முதலில் மூடி திறந்திருக்க வேண்டும், பிறகு சிலிண்டர், பிறகு ஒரே ஒரு திருகு, உடனே பட்டன். ஐந்து எண்ணுவதற்குள் எரியாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, அடுப்பின் மூடியை மட்டும் திறந்தபடி விட்டு, ஐந்து நிமிடம் தள்ளி நில். வெறுமனே அமுக்கிப் பார்க்கவே பார்க்காதே.

இவ்வளவும் எழுதிவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் ஒட்டி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நான்கு மணிக்கு அம்மா எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அம்மா கோபப்படவில்லை. "நான் திருகைத் தொடலன்னு எனக்குத் தெரியாதாடி? உன்னை வேலைய விட்டு நிறுத்திட்டா நீ வீட்டுல மூலையில போய் உக்காந்துக்குவியேன்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள், அதை நான் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினாள். "நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நீ என்ன சொன்னன்னு புரியல, குரல் கேட்டுது. கேட்டுத்தான் உன் பக்கம் திரும்பினேன், விரல் அதுபாட்டுக்கு அமுங்கிடுச்சு. திரும்பலைன்னா கண்ணு ரெண்டும் போயிருக்கும்" என்றாள். நான் அழுதேன். எதுக்கு அழுவுற, போய்ச் சோறு போட்டுச் சாப்பிடு என்று திட்டினாள். சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அண்ணா, நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறேன், ஊமைக்கோட்டான் இருக்காளா என்று நீ கேட்பாய். விருந்து அன்றைக்குப் பற்றவைப்பதற்கு முன்னால் இங்கே போன் பண்ணு. நான்தான் எடுப்பேன். அண்ணியிடம் போனைக் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொல். உன் ஆபீஸ் ஆட்கள் இருபது பேரும் கேட்டாலும் பரவாயில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன், நீ ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் உன்னையும் அண்ணியையும் வாழ்த்துகிறார்கள். பட்டாணி நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அவளுடைய முதல் பிறந்தநாள் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் முடிய வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். சிலிண்டரை வெளியே எடுத்துவிட்டாயா என்று மறுபடியும் கேட்கச் சொல்கிறாள். எடுக்காமல் இதுவரை படித்திருந்தால் இப்போது எழுந்து போ. கீழே கோணலாக இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுதியவள், உன் தங்கை.
நான் சத்தமாகப் பேசுவேன் அண்ணா. போன் மட்டும் பண்ணு.