அப்பாவை அனுப்பியது நான்தான்

மண்ணூர்பேட்டை,
18.11.1992

அன்பு மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மாதாவின் காவலில் நல்லபடியாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீ அப்பாவுக்கு எழுதியதை நான்தான் பிரித்துப் படித்தேன். இடுப்பு ஒடிந்து கிடப்பவளை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாரே, மனசாட்சி இல்லையா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு வத்தி வைத்தது ஜேசுராஜ் மாமாதான், என் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. அந்தக் கடிதம் அப்பா கைக்குப் போகாது. அவராகக் கிளம்பவில்லை ஹில்டா, நான்தான் துரத்தினேன். அவர் ரிட்டயர் ஆன வருஷம் நீ இங்கே இல்லை. காலையில் கம்பெனி சங்கு ஊதும், எழுந்து சட்டை மாட்டுவார், வேலை இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வரும், கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சோறு இறங்காது. அவரோடு ஃபவுண்டரியில் இருந்த பிரகாசமும் கஜபதியும் இப்படித்தான் படுத்தார்கள், ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்தது இவர்தான் என்று பயந்துபோய் வேளாங்கண்ணிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து மணப்பாடு, மங்களூர், கோவா என்று கோயில் விடுதிகளிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் தங்கி மாதக்கணக்கில் சுற்றினோம். அந்த மனிதரை நீ பார்த்திருக்க வேண்டும். ரயிலை விட்டு இறங்கியதும் நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போய்விடுவார், பாஷை தெரியாதவர்களோடும் அரட்டை. கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிக் கேலி செய்ததில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆனால் மறுபடி சுவர். மறுபடி பெட்டி கட்டுவோம்.

மீரஜ் ஸ்டேஷன் படியில் நான் விழுந்ததோடு எல்லாம் முடிந்தது. ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா ஒரு குறையும் வைக்கவில்லை, பெட்பேன் எடுத்தார், எனக்குத் தலை வாரிவிட்டார். அவர் தட்டில் மட்டும் சோறு அப்படியே இருக்கும். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். ஒரு மத்தியானம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை, மூச்சு இருக்கிறதா என்று கைத்தடியால் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். எத்திராஜ் அண்ணன், அப்பாவோடு வேலை பார்த்தவர்தான், நாசிக், காசி, ஹரித்வார் என்று நெடுக யாத்திரை கிளம்பிக்கொண்டிருந்தார். அவரோடு கோத்துவிட்டேன். அண்ணன் சம்சாரம் பூங்காவனம்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் முதலில், இன்னாக்கா, நீ படுத்துகினு கீற நேரத்துல ஊட்டு ஆம்பளையத் தொரத்துற என்றுதான் கேட்டாள். அப்பாவோ நீ நடந்தால்தான் போவேன் என்று அடம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து காட்டினேன், உயிர் போய் வந்தது, சிரித்துக்கொண்டே நின்றேன். நம்பிவிட்டார். ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாசிக்கிலிருந்து கார்டு வந்தது. அண்ணன் கோயிலுக்குள் போனால் இவர் வெளியே செருப்புக்குக் காவலாம், வேளைக்கு நாலு சப்பாத்தி சாப்பிடுகிறாராம்.

இனி என் சுகம். நீ நர்ஸ், உன்னிடம் மழுப்ப முடியாது. இடுப்பில் தகடு வைத்த இடத்தில் சீழ் நிற்கவில்லை, சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, தினமும் காய்ச்சல். மறுபடி அறுத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூங்காவனத்துக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு கிடைத்தால் நீ வா, அப்பாவைக் கூப்பிடாதே. அவர் வந்தால் என் கட்டிலோரம் உட்கார்ந்து எனக்கு முன்னால் போய்விடுவார். எனக்கு ஒன்று ஆகிவிட்டாலும் தந்தி அடிக்க வேண்டாம், அடக்கத்தை முடித்துவிடுங்கள். ஜேசுராஜ் கத்துவான், ஊரும் பேசும், நீதான் சமாளிக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

பிள்ளைக்குக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும். காசியில் அவர்கள் தங்கும் சத்திரத்து விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மறக்காமல் இன்றைக்கே அப்பாவுக்கு ஒரு கடிதம் போடு. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாளாம் என்று எழுது. நீ சொன்னால் நம்புவார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
இ. ஞானசௌந்தரி