என் வாயைப் பாரு

ஜனவரி 21, 1957
மறுபடியும் பள்ளிக்கூடம். காய்ச்சலில் காது போனபோது நின்றவள் நான். ஆங்கிலம் சொல்லித்தரும் சிவகாமி டீச்சர் காஜா பெராங் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து, அப்பாவிடம் பேசித் திரும்பச் சேர்த்தார். முன் பெஞ்சில் இடம். குனிந்தே இருந்தேன். ஒரு விரலால் என் மோவாயை நிமிர்த்தினார்.
"தரையில என்ன இருக்கு? என் வாயைப் பாரு."
பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் கிடைத்தது.

பிப்ரவரி 12
டிக்டேஷன். டீச்சர் எனக்கு எதிரிலேயே நின்று மெதுவாக வாசிக்கிறார். பக்கத்திலிருக்கும் கோகிலா வாயை மட்டும் அசைத்தாள்: "ஏ பெக்காக்கு! ஒனக்காக நாங்களும் ஊமை கிளாஸ்ல உக்காரணுமா?"
செவிடு என்பதை மலாயில் சொன்னால் இன்னும் சுடுகிறது. டீச்சர் புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை. அப்படியென்றால் சத்தமே வரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற வசை.

மார்ச் 5
ஒரு பிழையும் இல்லை! டீச்சர் என் நோட்டை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். வெட்கம். சந்தோஷமும்தான்.

ஏப்ரல் 9
கோகிலாவின் அப்பா பெரிய டீச்சரிடம் புகார் செய்துவிட்டார். வாயைப் பார்த்து எழுதுவது காப்பியாம். அப்படியானால் காதால் கேட்டு எழுதுவது? யாரிடம் கேட்பேன்?
நாளை பெரிய டீச்சரே டிக்டேஷன் சொல்வாராம், என் முதுகுக்குப் பின்னால் நின்று. தேறினால்தான் இடம்.
"நான் இருக்கேன்ல, பயப்படாத" என்றார் சிவகாமி டீச்சர்.

ஏப்ரல் 10
எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ஆரம்பித்துவிட்டது என்று அதில்தான் தெரிந்தது. திரும்பினால் காப்பி. எதிரே சிவகாமி டீச்சர். அவர் உதடு கொஞ்சம் அசைந்தால் போதும் —
கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.
வெறுந்தாளைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11
பள்ளிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆசிரியர் அறைக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிவகாமி டீச்சர், பொன்னுதுரை மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
"நாப்பது பிள்ளைங்க மாஸ்டர். ஒன்னுக்காக எல்லாத்தையும் நிறுத்தி வைக்க முடியுமா? பின்னால நின்னு வாசிங்கன்னு நான்தான் பெரிய டீச்சர்கிட்ட சொன்னேன். நானே போகச் சொன்னா பாவமில்ல?"
வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"எவ்வளவோ போராடிப் பாத்தேம்மா."
தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? எனக்குக் காதுதானே போச்சு, வாயுமா போச்சு?

செப்டம்பர் 6
பூங்காவனம் அக்காவின் தையல் கடையில் சேர்ந்து சில மாதமாகிறது. நாடு விடுதலையான மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடிகள் இன்னும் தெருவில் ஆடுகின்றன.
சிவகாமி டீச்சர் ரவிக்கை தைக்க வந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு நாடாவைக் கையில் கொடுத்தாள். குனிந்தபடியே அளவெடுத்தேன். தோள். கை. இடுப்பு.
ஒரு விரல் என் மோவாயை நிமிர்த்தியது. அவருடைய உதடுகள் பிரிந்தன.
கண்ணை மூடிக்கொண்டேன்.