உப்பில் உருட்டிய புளூட்டோ

மரக்காணம்,
மாசி மாதம், 2006.

அன்புள்ள திருமுருகன் அப்பாவுக்கு அமுதவல்லி எழுதிக்கொண்டது. நானும் கீதாஞ்சலியும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கிறோம். உங்க இருப்பை, மஸ்கட்ல இருந்து லீவுல வந்த உங்க ரூம் தெய்வசிகாமணி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சோறு சரியா சாப்பிடறதில்லையாம், ரூம்ல யார்கிட்டயும் பேசறதில்லையாம்.

இனிமே லெட்டர்ல கீதா அப்பான்னு எழுதுன்னு போன்ல சொன்னீங்க. எழுதிப் பாத்தேன், கை ஓடலை. நம்ம புள்ள திருமுருகன் பொறந்ததுல இருந்து உங்களைத் திருமுருகன் அப்பான்னுதான் கூப்பிடறேன். கோவப்படாம மேல படிங்க.

உப்பளத்துல வேலை ஆரம்பிச்சிடுச்சு. இந்த வருசம் மழை ஜாஸ்தி, பாத்தியெல்லாம் சேறு. மிதிச்சு சரிபண்ணி இப்பத்தான் மொத உப்பு வாருறோம். கீதாவுக்கு வாயில புண்ணு வந்து ஆறிடுச்சு. நல்லா படிக்கிறா.

ஆபரேஷன் விசயம் கேட்டிருந்தீங்க. சுனாமியில புள்ளைங்களைப் பறிகொடுத்தவங்களுக்கு, குடும்பக் கட்டுப்பாடு பண்ணதைத் திரும்ப சேத்து விடுறாங்க, செலவு கவர்மெண்டுதுன்னு நர்சம்மா ரெண்டு தடவை வீட்டுக்கே வந்துட்டாங்க. நீங்களும் சீக்கிரம் பண்ணிக்க, ஒரு பையன் பொறந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்றீங்க. அது போன்ல பேசித் தீர்ற விசயமில்லை. அதான் எழுதறேன்.

சுனாமி வந்த வருசம் அரைப்பரீட்சை லீவுல நம்ம புள்ள ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு கிரகமெல்லாம் செஞ்சான். உங்களுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை நீங்க போன் பண்றப்ப சொல்லணும்னு வச்சிருந்தான். சூரியன் மஞ்சப் பந்து, மத்ததெல்லாம் களிமண்ணு. கடைசியில இருக்கிற புளூட்டோவை மட்டும் களிமண்ணுல செய்ய மாட்டேன்னுட்டான். அது பூரா பனியாம். நம்ம உப்பளம் மாதிரி வெள்ளையா இருக்குமாடான்னு கேட்டேன். அப்படித்தாம்மா, ஆனா வெயிலு அவ்வளவு தூரம் சரியா போய்ச் சேராது, பாவம்னான். ஒரு உப்புக் கட்டியை ஈரத்துணியால தேச்சுத் தேச்சு எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, அம்மிகிட்ட காய வச்சான். அதோட நிலாவுக்குப் பட்டாணி அளவுல ஒரு உப்புக்கல்லு. அதை சைக்கிள் கம்பியில ஒட்டி மாடத்துல வச்சான். மறுநாள் காலையில பசங்களோட கடல்கரைக்கு கிரிக்கெட் ஆடப் போனான்.

காரியத்தன்னிக்கு உங்க அக்கா சாலம்மாள்தான் சமையல். குழம்புக்கு உப்பு பத்தலைன்னு தேடினவங்க, அம்மிகிட்ட இருந்த கட்டியை நுணுக்கிப் போட்டுட்டாங்க. உப்பளத்து வீட்டுல உப்புக் கட்டி கிடந்தா வேற என்னன்னு நினைப்பாங்க. வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டாங்க. என்னையும் கட்டாயப்படுத்தி நாலு வாய் சாப்பிட வச்சாங்க. உப்பு சரியா இருந்துச்சு. சாயங்காலம் கீதா, அண்ணன் புளூட்டோ எங்கம்மான்னு கேட்டப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னிய வரைக்கும் உங்க அக்காகிட்ட சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க.

நிலா மட்டும் மிஞ்சிச்சு. மழைக்காலத்துல உப்பு தண்ணி விடுமே, அதனால அரிசிப் பானைக்குள்ள வச்சு காப்பாத்தினேன். அப்படியும் கொஞ்சம் கரைஞ்சுபோச்சு.

அவனுக்கு சயின்ஸ் எடுத்த சாலமன் சார் போன வாரம் வழியில நிறுத்திப் பேசினாரு. புளூட்டோவுக்கு இன்னும் ரெண்டு குட்டி நிலா இருக்குதுன்னு இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்களாம், பேரு கூட இன்னும் வைக்கலையாம். திருமுருகன் இருந்தா என் உசிரை எடுத்திருப்பாம்மான்னு சிரிச்சாரு, அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கீதா வீட்டுக்கு வந்ததும் ரெண்டு உப்புக்கல்லைப் பொறுக்கி அந்தக் கம்பியில ஒட்டிட்டா. இப்ப மூணு நிலா இருக்குது, நடுவுல வெறும் கம்பி.

அந்த நடுக் கம்பிக்குன்னு நேத்து மொத உப்புல ஒரு கட்டி எடுத்தாந்தேன். தேய்க்க உக்காந்தேன், முடியலை. துணி போட்டு மூடி வச்சிருக்கேன். உங்க அக்கா வந்தா ஒளிச்சு வைக்கணும்.

சார் இன்னொண்ணும் சொன்னாரு. பொங்கல் முடிஞ்ச கையோட அமெரிக்காவுல இருந்து புளூட்டோவுக்கு ஒரு விண்கலம் விட்டிருக்காங்களாம். போய்ச் சேர ஒம்பது வருசத்துக்கு மேல ஆகுமாம். எறங்கவும் எறங்காதாம், பக்கத்துல போயி பாத்துட்டு அப்படியே தாண்டிப் போயிடுமாம். இதுக்கா சார் இவ்வளவு பாடுன்னு கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கிட்டப் போயி பாக்கலையேம்மா, அதுக்குத்தான்னாரு.

அவன் போனப்ப கம்பெனியில உங்களுக்கு லீவு தரலை, அது உங்க தப்பில்லை. நீங்க கிளம்பியிருந்தாலும் அதுவரைக்கும் அவனை வச்சிருக்க முடியாது. ஆனா இப்ப லீவு தர்றாங்க, நீங்கதான் வேணாம்னுட்டீங்கன்னு தெய்வசிகாமணி சொல்லிட்டாரு. அவரைத் திட்டாதீங்க, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

மஸ்கட்ல ஏறினா நாலு மணி நேரத்துல மெட்ராஸாமே. வந்து இங்கயே இருந்துடுங்கன்னு நான் சொல்லலை. சவுக்குத் தோப்புகிட்ட அவனைப் பொதைச்ச எடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. அழுகை வந்தா அழுங்க. அந்தக் கட்டியை உங்க கையால தேச்சு உருட்டிக் குடுங்க. அந்த விண்கலம் மாதிரி பாத்துட்டுப் போயிட்டாக்கூட போதும். அதுக்கப்புறம் நானே நர்சம்மாகிட்ட போறேன். அவன் எடத்துல வைக்கிறதுக்குன்னா எனக்கு வேணாம். அவனுக்குத் தம்பியோ தங்கச்சியோன்னா பெத்துக்கறேன்.

வெயில்ல தலைக்குத் துணி கட்டிக்கிட்டு வேலை செய்யுங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. பெருமுக்கல் சாமி உங்களைப் பத்திரமா கொண்டாந்து சேக்கட்டும். வர்ற தேதியை எழுதறப்ப, அந்த லெட்டர்ல எங்கயாவது ஒரு எடத்துல அவன் பேரை எழுதிடுங்க.

இப்படிக்கு,
திருமுருகன் அம்மா, கீதாஞ்சலி அம்மா,
அமுதவல்லி