இரண்டாவது தடவை கேட்கிறேன்

சால்ட்பாண்ட், கானா
ஞாயிறு, கோயில் முடிந்து வந்து

அன்பு மகள் மான்சாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் எபோ மாமா, அவன் எனக்குக் கொடுத்த கிட்னி, மூன்று பேரும் நலம். உன் நலத்தை வழக்கம்போல முதல் வரியிலேயே விசாரித்திருப்பேன், இந்தத் தடவை கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், காரணம் படித்துக்கொண்டே வந்தால் தெரியும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதில் நான் விற்க அவித்த சோளமாவுக் கென்கே ஆறுவதற்குள் இலையைப் பிரித்து விரலைச் சுட்டுக்கொண்டவள்தானே நீ. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஃபோனில் நீ நல்லாருக்கியா என்பாய், நான் நல்லாருக்கேன் என்பேன், அப்புறம் நான் கேட்பேன், நீ சொல்வாய், அதற்குள் படம் உறைந்து என் வாய் பிளந்தபடி நின்றுவிடும். அதனால் ஹாம்பர்க் போகிற பாதிரியார் மனைவி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு பாட்டில் ஷிட்டோ, மிளகாயும் கருவாடும் நானே இடித்து வதக்கியது. உப்பு இருப்பதால் நான் நாக்கில்கூட வைக்கவில்லை, ருசி பார்த்தது உன் மாமா, பாட்டில் ஏன் கழுத்துவரை இல்லை என்று அவனைக் கேள்.

நீ அனுப்பிய கைக்கடிகாரம், தராசு, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை எல்லாம் ராஜ மரியாதையோடு இருக்கின்றன. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் கடிகாரம் மாத்திரை மாத்திரை என்று கத்துகிறது. போன வாரம் கோயிலில் கூட்டத்துக்கு ஒதுங்கி ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தேன், எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரம் பார்த்து அது கத்த, முன் வரிசையிலிருந்து பாட்டுக் குழுத் தலைவி திரும்பாமலே, "யாரு, நம்ம கென்கேக்காரியா, முழுங்கிட்டு வா, ஆண்டவர் காத்திருப்பாரு" என்றாள். அடிக்கடி தண்ணீர் குடி என்றும் அது நச்சரிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். டயாலிசிஸ் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை மடக்குதான் என்று அளந்து குடித்தேனே, வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் செம்பு நிறையக் கொடுத்துவிட்டு அவர்கள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன், உன் அப்பாவின் கூட்டாளி ஒருவர் நான் அவரை மோகிக்கிறேன் என்று நினைத்து வருவதையே நிறுத்திவிட்டார். பார்த்தது அவரை இல்லை, தண்ணீரை. அந்த மூஞ்சிக்கு அவ்வளவு நினைப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ என் ஃபோனில் போட்டுக் கொடுத்த அந்த ஆஸ்பத்திரிச் செயலி தினமும் காலையில், வணக்கம் அம்மா, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும், கீழே சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று வைத்திருக்கும். நான் சிரிக்கிற முகத்தை அழுத்துவேன், மிக்க மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு அது போய்விடும். என்ன மரியாதையான பிள்ளை என்று எனக்கும் மகிழ்ச்சி. இப்படியிருக்க, மழை ஆரம்பித்த வாரத்தில் எனக்குக் கால் வீங்கியது, செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம்வரை போகவில்லை. ஒன்றுக்குப் போவது குறைந்தது. கிட்னியை வைத்துத் தைத்த பக்கம் யாரோ உள்ளிருந்து முழங்கையால் இடிக்கிற மாதிரி வலி. காலையில் செயலி கேட்கும், எப்படி இருக்கிறீர்கள்? நான் சிரிக்கிற முகத்தை அழுத்துவேன். திட்டாதே. காலங்காத்தால வந்து முகமன் சொல்கிறவரிடம் எடுத்த எடுப்பில் அழுகிற முகத்தைக் காட்ட என்னை எந்தத் தாய் வளர்த்தாள்? வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முதல் தடவை எல்லாம் சுகம் என்று சொல்லிக்கொண்டு, இரண்டாம் தடவை சேதி என்ன என்று கேட்ட பிறகுதானே நம் ஊரில் நிஜத்தைப் பேசுவோம். அது ஒரு வார்த்தை உள்ளே வந்து, உட்கார்ந்து, அப்புறம் சேதி என்ன என்று கேட்டிருந்தால் நான் கொட்டியிருப்பேன். அதுவோ வாசலிலேயே திரும்பிவிடும். நாளைக்கு இரண்டாம் தடவை கேட்கும், அப்போது சொல்லலாம் என்று நானும் இருந்தேன், மறுநாளும் அது முதல் தடவைதான் கேட்டது.

தராசுக்குத்தான் மரியாதை தெரியவில்லை. நான் ஏறி நின்ற எடையை அது தன்பாட்டுக்கு அக்ராவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நம் சிஸ்டர் லாமிசி, வடக்கத்திப் பெண், எடை ஏறுவதையும் முகம் சிரிப்பதையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாள். எப்படிம்மா இருக்கீங்க என்றாள். ஆண்டவர் கிருபையில ரொம்ப நல்லாருக்கேன் என்றேன், கால் தலையணை மேல் இருக்கிறது! அங்கே அவள் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நிதானமாக, "சரிம்மா. நான் உக்காந்துட்டேன். நீங்க குடுத்த தண்ணியும் குடிச்சாச்சு. இப்ப சொல்லுங்க, சேதி என்ன?" என்றாள். அவ்வளவுதான் மான்சா, கால், வலி, ஒன்றுக்கு என்று ஒன்று விடாமல் சொல்லி அழுதுவிட்டேன். "அடுத்த வண்டியில கிளம்புங்க, மத்ததை இங்க வந்து அழுங்க" என்று வைத்துவிட்டாள்.

வண்டியில் போகும்போது உன் அப்பா ஞாபகம்தான். உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். லாரி ஷெட்டிலிருந்து ஓட்டூ பெரியவர் வந்தார், நீதான் தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய், சிந்தாமல் நடக்க நாக்கைக் கடித்துக்கொண்டு. அவர் குடித்துவிட்டு, கெட்டதா ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சுகம்தான் என்று ஆரம்பித்தார். அதைக் கேட்டதும் நீ தட்டைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, எங்க வீட்டுக்குப் பெரியவர் வந்திருக்காரு, எல்லாம் சுகமாம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்குள் நான் இங்கே இரண்டாம் தடவை கேட்டுவிட்டேன், அவரும் குமாசி ரோட்டில் உன் அப்பாவோடு லாரி கவிழ்ந்ததைச் சொல்லிவிட்டார். ரொம்ப நாள் கழித்து, அவர் ஏம்மா பொய் சொன்னாரு என்று கேட்டாய். பொய் இல்லடி, கேக்குறவங்க முதல்ல உக்காரணும்ல என்றேன். சரி என்று தலையாட்டினாய். அதிலிருந்து எல்லாம் சுகம் என்பதையே பிடித்துக்கொண்டாய் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அக்ராவில், என் உடம்பு மாமாவின் கிட்னியை அந்நியன் என்று நினைத்து விரட்டப் பார்க்கிறது என்றார் டாக்டர். எபோ கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கூடப் பொறந்து அம்பது வருஷமாச்சு, இன்னும் உன் உடம்புக்கு என்னை அடையாளம் தெரியலையாக்கா? கடன் கேட்டு வந்தவன்னு நெனைச்சிடுச்சா?" என்று சத்தம் போட்டுவிட்டு, வராந்தாவில் போய்த் தனியாக அழுதான், ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்த்ததாகச் சொல்லாதே. ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். ஒரு நாள் பூராவும் யாரும் என்னிடம் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் எபோ கொடுத்தது வீணாகி நான் பழையபடி மெஷினுக்கே போயிருப்பேன் என்று லாமிசி பின்னால்தான் சொன்னாள். நல்ல வேளை, கிட்னி நின்றது. ரத்தத்தில் கிரியேட்டினின் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. இதை உனக்கு அப்போதே சொல்லாததற்கு நீ சண்டை போடலாம், ஒத்துக்கொள்கிறேன், முதலில் நீ உட்கார்.

இப்போது எபோ தினமும் காலையில் என் வீட்டுக்கு வருகிறான். என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, நான் குடித்ததும், "என் ஆளு எப்படியிருக்கான்? சேதி என்னக்கா?" என்பான், அவனிடம் சொன்னதைத்தான் ஃபோனில் அழுத்துகிறேன். முதல் தடவை சும்மா இருக்கிற முகத்தை அழுத்தினபோது வீட்டு ரகசியத்தை ரோட்டில் போட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. உடனே பார், அது ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது, கால் வீங்குகிறதா, வலி எந்தப் பக்கம், காய்ச்சல் உண்டா என்று. பாவம், அத்தனை கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு வந்த பிள்ளையை இத்தனை நாளாக வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆயுளில் மீந்ததும் உனக்கே சேரட்டும், குளிருக்குக் காதை மூடு, ஷிட்டோவை ஒரே நாளில் தீர்க்காதே. இப்போது உன் முறை. ஃபோனில் நீ எப்போதும் நல்லாருக்கேம்மா என்கிறாய். ஈஸ்டருக்கு அப்புறம் உன் கழுத்தெலும்பு தெரிகிறது, வேலையைப் பற்றிக் கேட்டால் கேமராவைக் கூரைக்குத் திருப்புகிறாய், கூரையைப் பற்றி எனக்கு இப்போது எல்லாம் தெரியும். சிரிக்கிற முகத்தை அழுத்த உன்னைப் பழக்கியவளே நான்தான், அதனால் முதல் பதிலை நான் கணக்கில் எடுப்பதில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள், நானும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு இப்போது அனுமதி உண்டு. குடித்தாயிற்றா? இங்கே எல்லாம் சுகம். சொல்லுடி கண்ணே, சேதி என்ன?

பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா