மாங்காய் சீசனில் இன்டர் பரீட்சை

ஜூன் 3

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஃபேக்டரி வாசலில் இருந்து சித்தூர் ரோடு வரை மாங்காய் டிராக்டர்கள். தோத்தாபுரி இறங்க ஆரம்பித்துவிட்டது. கூழ் மெஷின் நிற்பதில்லை. அக்கவுண்ட்ஸில் நானும் ஸ்ரவந்தியும்தான். பழைய ஆபீசர் ஸ்ரீசிட்டிக்குப் போன பிறகு அவர் நாற்காலியில் ஃபைல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

மேனேஜர் இன்று வாயைத் திறந்தார். "சி.எம்.ஏ. இன்டர் யாரு முதல்ல முடிக்கிறாங்களோ அவங்களுக்கு அந்த சீட்டு. வெளியாளு வேணாம்னு ஓனர் சொல்ட்டாரு."

அந்தக் காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சையின் இரண்டு குரூப்பில் எனக்கு முதல் குரூப் மட்டும் பாக்கி, நான்கு பேப்பர். அதிலும் காஸ்ட் அக்கவுண்டிங்தான் இரண்டு தடவையாகக் காலை வாருகிறது. நாள் முழுக்க மாங்கூழுக்குக் காஸ்ட் போடுகிறவள் காஸ்டிங்கில் ஃபெயில். வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய ஜோக் கிடையாது. ஸ்ரவந்திக்கு இரண்டாம் குரூப் பாக்கி. என்னைவிட எட்டு வயது சின்னவள். முதல் குரூப்பை ஒரே தடவையில் முடித்துவிட்டாள். எழுதும்போதே எரிகிறது.

ஜூன் 5

இரண்டு பேரும் சேர்ந்து போய் லீவு கேட்டோம். மேனேஜர் குதித்தார். "சீசன்ல லீவா? யாராச்சும் ஒருத்தர் சீட்ல இருந்தே ஆவணும். நீங்களே பேசி முடிச்சிக்கங்க."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். ஸ்ரவந்தி டைம்டேபிளை எடுத்து என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, சூடண்டி, இத பாருங்க. ஒரு நாளு உங்க பேப்பர், அடுத்த நாளு என் பேப்பர். மாத்தி மாத்தி வருது. நீங்க போற நாளு நான் இருக்கிறேன். நான் போற நாளு நீங்க இருங்க."

அந்தத் தாளை நானும் எத்தனையோ தடவை பார்த்தேன். என் பேப்பர் வரும் வரிகளை மட்டும்.

ஜூன் 9

வாங்க வேண்டியது: நீலப் பேனா, ஹால் டிக்கெட் ஜெராக்ஸ், தலைவலி மாத்திரை, பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே அப்நார்மல் லாஸ் ஃபார்முலா சொல்லிப் பார்த்தேன். பாப்பா அதை மனப்பாடம் செய்துவிட்டாள். நான் இன்னும் இல்லை.

ஜூன் 11

முதல் பேப்பர். திருப்பதி பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பக்கத்தில் வேலூர்க்காரர் ஒருவர் போனில்: "மொட்டை போட்டுக்கினு நேரா வந்துடறேன், சோறு ஆக்கி வையி." எனக்கு மொட்டை போடாமலே தலை காலியாக இருந்தது.

சட்டப் பேப்பர். பரவாயில்லை. வெளியே வந்து போனை ஆன் பண்ணினால் ஸ்ரவந்தி மெசேஜ்: எல்லா வண்டிக்கும் பில் போட்டாச்சு.

ஜூன் 14

அவள் திருப்பதியில், நான் ஃபேக்டரியில். எடைச்சீட்டு, பில், எடைச்சீட்டு, பில். நாளைய பேப்பருக்கான புத்தகம் மேசைக்கு அடியில். ஒரு பக்கம் படித்தேன். மூன்று டிரைவர்களிடம் கத்தினேன்.

ஜூன் 17

காஸ்டிங். நன்றாக எழுதியதாகத்தான் நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில், சந்திரகிரி தாண்டியதும், ஸ்ரவந்தி போன் செய்தாள்.

"ப்ராசஸ் கணக்கு வந்ததா அக்கா? ஸ்கிராப் வேல்யூ குடுத்திருந்தாங்களா?"

"குடுத்திருந்தாங்க. செலவுல கூட்டிட்டேன்."

"கூட்டிட்டீங்களா?"

"பின்ன? கொட்டையும் தோலும் அள்ளிக்கினு போறதுக்கு டிராக்டர்காரனுக்கு நாமதான காசு குடுக்கிறோம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரீட்சையில் கழிவு விலைக்குப் போகும். அந்தக் காசைக் கழிக்க வேண்டும். எங்கள் ஃபேக்டரியில்தான் கழிவுக்கும் தண்டம் அழுகிறோம். பெரிய கணக்கு. அதைத் தொட்டு வருகிற எல்லாம் தப்பு. போன இரண்டு தடவையும் இதையேதான் செய்திருப்பேனோ?

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 18

ஸ்ரவந்தியின் கடைசிப் பேப்பர். எனக்கு நிஜமாகவே தலைவலி.

வீட்டுக்காரர்: "ஒடம்பு முடியலன்னா படுத்துக்கோ. ஒரு போன் போட்டு சொல்டு, அவ்ளோதான்."

அந்த ஒரு போன் போதும். மேனேஜர் அவளைப் பாதி வழியில் திரும்பக் கூப்பிடுவார். அவளும் தேறமாட்டாள். நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கும். இந்த நினைப்பு தலைவலியோடு வந்ததல்ல. நேற்று பஸ்ஸிலேயே வந்துவிட்டது.

போனை எடுத்தேன். வைத்தேன். திரும்ப எடுத்தேன். "இன்னா, போன வெச்சிக்கினு பூச பண்றியா? துன்னுட்டு கெளம்பு" என்றார். கிளம்பினேன். நான் உத்தமி என்பதால் இல்லை. நேற்று எனக்காக அவள் உட்கார்ந்திருந்தாள்.

வண்டிகள் ஏராளம். மாத்திரை இரண்டு.

ஆகஸ்ட் 11

ரிசல்ட். மற்ற மூன்றும் தேறிவிட்டேன். காஸ்டிங் போச்சு. அதனால் குரூப்பும் போச்சு, நான்கையும் திரும்ப எழுத வேண்டும்.

ஸ்ரவந்தி பாஸ். ஆபீசில் எல்லோருக்கும் லட்டு. நானும் எடுத்து வாயில் போட்டேன். பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே அவள் குரல்: "அக்கா... பர்வாலேதுக்கா..."

"இப்ப வேணாம் ஸ்ரவந்தி. போ."

ஆகஸ்ட் 18

நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ஸ்ரவந்தி உட்கார்ந்தாள். இனி என் லெட்டர் எதுவும் அவள் கையெழுத்தோடுதான் மேனேஜரிடம் போக வேண்டும்.

வேண்டுமென்றே ஒரு தடவை "மேடம்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஜில்லென்று இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது.

செப்டம்பர் 4

லேசான தூறல். டிசம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். "மறுபடியுமா?" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கவில்லை.

லீவு லெட்டர் எழுதினேன். நான்கு பேப்பர், நான்கு தேதி. ஸ்ரவந்தி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தாள். பேனா எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

"இன்னா தப்பு?" என்றேன்.

"நடுவுல வர்ற நாளையும் எழுதுங்கக்கா. போன தடவ அந்த நாள்லாம் எனக்காக இங்க உக்காந்துக்கினு இருந்தீங்க. படிக்கவே டைம் இல்ல."

"அந்த நாளுக்கு ஆளு?"

"நான் இருக்கிறேன்."

ஏழு நாளாகத் திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. லீவு ஏழு நாள்.