போடிமெட்டு போகும் வழியில் நான் சாப்பிடாத கடைகள்

இராஜபாளையம்
12.4.1992

அன்பு மகள் தங்கபாய்க்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், டேராடூனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதைவிட நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே மழை இல்லை, வெயில்தான் நிறைய இருக்கிறது. லீவுக்கு முசோரி மலைக்குக் காரில் போவதாகவும், வழியில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்கும் வித்தை அப்பாவுக்குத்தான் தெரியும், எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தாய். போன மாதம் வரைக்கும் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

போன மாதம் நாங்கள் மூணாறு போனோம். என்னோடு மில்லில் வேலை பார்த்த சுப்புராஜ் மாமா பழைய அம்பாசடர் ஒன்று வாங்கி, அது மலை ஏறுமா என்று பார்க்க வேண்டும் என்றார், நானும் அம்மாவும் ஏறிக்கொண்டோம். அம்மா இட்லி கட்டி எடுத்துக்கொள்வோம் என்றாள், வழி நெடுகக் கடை இருக்கும்போது பொட்டலம் எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டேன். விடியக்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பி கிருஷ்ணன்கோவிலில் நிறுத்தினோம், அந்தக் கடையில் அம்புட்டு டம்ளரையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள், வேண்டாம் என்றேன். உசிலம்பட்டியில் டிபன் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையில் பேரையூர் தாண்டும்போதே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், போட்டால் உடனே சாப்பிட வேண்டும், அது என் தப்புதான். உசிலம்பட்டியில் பரிமாறியவனின் கட்டைவிரல் சாம்பாருக்குள் இருந்தது. ஆண்டிபட்டிக் கடையில் ஆளே இல்லை, ஆள் இல்லாத கடையில் நேற்றைய மாவு இருக்கும். தேனியில் கூட்டம் தாங்கவில்லை, கூட்டத்தில் அவசரமாக அரைவேக்காட்டில் போடுவான். போடியில் ஒரு கடை எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது, ஆனால் அந்தக் கடைச் சமையல்காரர் எதிர்த்த கடையில் உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தார், அதைப் பார்த்த பிறகு எப்படி நுழைவது. அம்மா எனக்குப் பசிக்குது என்று போடியிலேயே இரண்டு தடவை சொன்னாள். மேலே போனால் காற்றும் நல்லது கடையும் நல்லது என்றேன்.

மேலே காற்று நன்றாகத்தான் இருந்தது. வளைவு வளைவாக ஏறி போடிமெட்டு தாண்டியதும் பள்ளத்தாக்கு பச்சையாகத் தெரிந்தது, அதைக் காட்டக் கையைத் தூக்கினேன், கை நடுங்கியது, சட்டை முழுக்க வேர்வை. எனக்கு அம்புட்டுத்தான் ஞாபகம், மற்றது சுப்புராஜ் சொன்னது. நான் அவரை உன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, லீவு லெட்டர் எங்கே என்று கேட்டேனாம். அவர் நெஞ்சுவலி என்று பயந்து காரைத் திருப்பிப் போடிக்கே போவோம் என்றிருக்கிறார். உன் அம்மா, அம்புட்டு வளைவும் இறங்கும் வரைக்கும் இந்த மனுசன் தாங்கமாட்டார், முதலில் சீனி வேணும் என்று சொல்லிக் கதவைத் திறந்து ஓடியிருக்கிறாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

எஸ்டேட் ஓரத்தில் தகரம் போட்ட ஒரு சாயாக்கடை, லாரிக்காரர்கள் சாப்பிடுவது, போர்டு கிடையாது. அதை நடத்துகிற முத்தாத்தாள் என்ற அம்மாள் சீனி டப்பாவோடு வந்து என் உதட்டுக்குள்ளே சீனியைத் தேய்த்து, யய்யா கண்ணத் தொறங்க, யய்யா முழுங்குங்க என்று கன்னத்தில் தட்டியிருக்கிறாள். எனக்குத் தெளிவு வந்தபோது ஒரு நாய் படுத்திருந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தேன். சீனி போட்ட சாயா கொடுத்தாள், பொறவு கப்பக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் வைத்தாள். எந்தத் தண்ணீரில் எதைக் கழுவினாள் என்று நான் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன், இதற்கு மேல் ருசியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஊர் எது என்று கேட்டதற்கு அந்த அம்மாள் இராஜபாளையத்துக்குப் பக்கத்துல தேவதானம், இங்க வந்து இருபது வருஷம் ஆச்சு, கண்மாய் பெருகுச்சா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, இரண்டு பேரும் செத்த நேரம் அதைப் பேசினார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மாவின் காலைக் கவனித்தேன். செருப்பு இல்லை, ஜல்லி குத்தி இரண்டு பாதத்திலும் ரத்தம். செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை என்றாள். முத்தாத்தாளிடம் மஞ்சளும் எண்ணெயும் வாங்கி நானே கீழே உட்கார்ந்து போட்டுவிட்டேன். ஆட்கள் பார்க்கிறார்கள், விடுங்க என்றாள், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சுப்புராஜ் அந்தப் பக்கம் திரும்பி எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசிக்குது என்று சொன்னேனே, நீங்க காதிலேயே போட்டுக்கிடலையே என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் மறுகாலுக்கும் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்தேன்.

ஆகையால் நீ கேட்டதற்கு விவரம் இம்புட்டுத்தான், காரில் யாருக்காவது பசி என்றால் அடுத்து வருகிற கடைதான் நல்ல கடை. மாப்பிள்ளையிடமும் சொல்லு, மலையில் மெதுவாக ஓட்டட்டும், பிள்ளைக்குக் காதை மூடிக் கம்பளித் தொப்பி போடு. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் என் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். இது வம்சத்தில் வருகிற வியாதி என்கிறார், நீயும் ஒரு தடவை ரத்தம் சோதித்து என்ன வந்தது என்று மறக்காமல் எழுது. நீங்கள் மூவரும் போகிற பாதையிலும் திரும்புகிற பாதையிலும் கர்த்தர் துணையாக இருப்பாராக. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள், இப்போதுதான் முதல் தடவை கூப்பிட்டாள், எழுந்து போகிறேன்.

அன்புள்ள அப்பா
வே. ஐயாதுரை